போர் நாவல் வாங்கறீங்களா? எழவு வீடு இருக்குதான்னு முதல்ல பாருங்க

ஆடி பிறந்தால் ஈரோட்டில் புத்தகத் திருவிழா. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவருவது. கொங்குப் பக்கத்து வாசகர்களில் பலர் ஒரு வருஷத்துக்கு வேண்டியதை அங்கேதான் மூட்டை கட்டுகிறார்கள். ஆனால் போர் நாவல் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. அதற்கென்று தனித் தட்டு கிடையாது. ருஷ்ய மொழிபெயர்ப்பு ஓர் அரங்கில், ஈழத்து எழுத்து வேறோர் அரங்கில், சரித்திரக் கதைகள் இன்னொரு மூலையில் என்று சிதறிக் கிடக்கும். தமிழில் கிடைக்கிற இப்படிச் சில புத்தகங்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த மதிப்புரை. சண்டையில் செத்தவனுக்கும், கை கால் போனவனுக்கும், வீட்டில் காத்திருந்தவளுக்கும் என்ன ஆனது என்பதை அந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் கூடவே போய்ப் பார்க்கிறது?

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால், எழவு சொல்ல ஆள் அனுப்புவதிலிருந்து கருமாதி வரைக்கும் எத்தனை வேலை! குளிப்பாட்ட ஆள் வேண்டும், தூக்க ஆள் வேண்டும், அன்றைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிப் பால் கறக்கவும் ஆள் வேண்டும். அரைப் பக்கத்தில் முந்நூறு பேரைச் சாய்த்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் காதல் வசனத்துக்குப் போய்விடுகிற நாவலில் இந்த எழவு வீடே இருக்காது. பெரும்பாலான சரித்திரத் தொடர்கதைகள் இந்த ரகம். யானைகள் சரியும், ரத்தம் ஆறாக ஓடும், யார் வீட்டிலும் அடுப்பு அணையாது.

அரங்கில் நின்றபடியே சோதித்துவிடலாம். முதல் சாவு வரும் பக்கத்தைக் கண்டுபிடிங்க. அங்கிருந்து பத்துப் பக்கம் புரட்டுங்க. செத்தவர் பெயர் மறுபடி வருகிறதா? உடலை யார் எடுத்தார்கள், சட்டைப் பையில் இருந்ததை யார் வைத்துக்கொண்டார்கள், வீட்டுக்குச் சேதி எப்படிப் போனது? இதில் ஒன்றுகூட இல்லையென்றால் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

அடுத்தது காயம். இரண்டு உலகப் போர்களிலும் துப்பாக்கித் தோட்டாவைவிடப் பீரங்கி, மோர்ட்டார் குண்டுகளின் சிதறல்தான் அதிகம் பேரை வீழ்த்தியது. எல்லோரும் நெஞ்சில் ஒரே தோட்டா வாங்கி, இரண்டு வரி பேசிக் கண்மூடும் நாவலை நம்ப வேண்டியதில்லை. தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷம்தான். பேச நேரம் இருக்காது. வயிற்றில் பட்டவர் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், நினைவோடு கிடப்பார். கரட்டு நிலத்தில் காயம்பட்ட ஒருவரைத் தூக்கிப் போக நான்கு பேர் வேண்டும். அதாவது ஒரே காயத்தால் ஐந்து பேர் சண்டையிலிருந்து கழிகிறார்கள். இந்தக் கணக்கு தெரிந்து எழுதியவரின் கதையில் ஒரு காயம் பட்டால் மொத்தத் திட்டமும் மாறும். தெரியாதவரின் கதையில் காயம்பட்டவர் வசதியாக மறைந்துவிடுவார்.

மூன்றாவது, எதிரியின் சாவு. கொன்றவரின் கைக்கும் வயிற்றுக்கும் அப்புறம் என்ன ஆகிறது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்க.

இந்த அளவுகோல் நமக்குப் புதுசும் இல்லை. புறநானூற்றின் 281-ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது, போர்க்களத்தை விட்டுவிட்டுக் காயம்பட்டவன் கிடக்கும் வீட்டைக் காட்டுகிறது. வீட்டில் வேப்பிலையும் இரவம் என்கிற மரத்தின் இலையும் செருகுகிறார்கள், கடுகு தூவுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், பண் பாடுகிறார்கள், புகை போடுகிறார்கள். புண்பட்டவனைக் காத்துக்கொண்டிருக்கும் வீடு அது. தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தில் புகழ்ந்து பாடியவரும் இதே அரிசில்கிழார்தான். வெற்றியைப் பாடிய அதே வாய் புண்ணையும் பாடியிருக்கிறது.

இனிப் புத்தகங்கள்.

போரிஸ் வசீலியெவின் ‘அதிகாலையின் அமைதியில்’ மெலிந்த புத்தகம். இரண்டு நாளில் முடித்துவிடலாம். 1969-இல் ருஷ்ய மொழியில் வந்தது, தமிழில் பூ. சோமசுந்தரம். வசீலியெவ் பள்ளி வயசிலேயே போர்முனைக்குப் போனவர். 1942 மே மாதம், காடும் சதுப்பும் சூழ்ந்த ஓரிடம். சார்ஜென்ட் மேஜர் வாஸ்கோவ், அவரிடம் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவின் ஐந்து பெண்கள். இரண்டு ஜெர்மானியர் என்று நம்பிப் போகிறார்கள். வருவது பதினாறு பேர்.

‘பேராண்மை’ (2009) படம் இந்த நாவலைத் தழுவியதுதான். படம் பார்த்தாயிற்று, கதை தெரியும் என்று விட்டுவிடாதீங்க. நாவலில் ஐந்து பெண்களில் ஒருவர்கூடத் திரும்புவதில்லை. ஐந்து சாவும் ஐந்து விதம். லீசா உதவி கேட்டுப் போகும் வழியில் சதுப்பில் மூழ்குகிறாள். யாரும் பார்க்கவில்லை, சேதியும் போய்ச் சேரவில்லை. சோன்யா கத்திக் குத்தில் சாகிறாள். அவள் உடம்பில் இரண்டு குத்து இருப்பதை வாஸ்கோவ் கவனிக்கிறார். ஆண் என்று நினைத்துக் குத்திய முதல் குத்து நெஞ்சுக்குள் சரியாக இறங்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பெண் கத்தியிருக்க நேரம் இருந்திருக்கிறது. ஒரு தடயம் போலச் சொல்லப்படும் இந்த ஒரே விவரத்தில் அவளுடைய கடைசி நொடி முழுசும் இருக்கிறது. அப்புறம் வாஸ்கோவ் அவள் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றுகிறார். சதுப்பில் பூட்ஸைத் தொலைத்துவிட்ட கால்யாவுக்கு அது வேண்டும். செத்தவளின் பூட்ஸை உயிரோடிருக்கிறவள் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கால்யாவின் மனசு அதற்குப் பிறகுதான் உடைகிறது, அந்த உடைவுதான் அவளையும் கொல்கிறது. ஒரு சாவு இன்னொரு சாவுக்கு எப்படிக் காரணமாகிறது என்பதை இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு சுத்தமாகக் கட்டிய வேறொரு போர்க்கதை தமிழில் படிக்கக் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாவது சோதனையிலும் தேறுகிறது. ஷேன்யா துப்பாக்கிக் கட்டையால் ஒரு ஜெர்மானியனை அடித்து வாஸ்கோவைக் காப்பாற்றுகிறாள். உடனே அவளுக்குக் குமட்டுகிறது, அழுகிறாள். அவளைத் தேற்றுகிற அந்த அரைப் பக்கத்தை அவசரமாகத் தாண்டிவிடாதீங்க. வயிற்றில் கையெறிகுண்டுச் சிதறல் பட்ட ரீத்தாவின் முடிவும் மேலே சொன்ன கணக்குப்படிதான் நடக்கிறது. தனக்கு நேரம் நிறைய இருக்கிறது, பிழைப்பு மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரிகிறது.

படிக்கும்போது இடறுவது பெயர்கள். வாஸ்கோவ் சில இடத்தில் ஃபெதோத் எவ்க்ராஃபிச் ஆவார், ரீத்தா ஓசியானினா ஆவாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு பேரின் எல்லாப் பெயர்களையும் எழுதி அடையாளத் தாளாக வைத்துக்கொண்டால் போதும்.

சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’ நம் பக்கத்து ஆட்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. இதுவும் பூ. சோமசுந்தரம் தமிழில். இதில் போர்க்களமே கிடையாது. கிர்கிஸ் நாட்டுக் கூட்டுப் பண்ணைக்காரி தொல்கனாய் தன் வயலோடு பேசுகிறாள், வயல் பதில் சொல்கிறது. கணவனும் மூன்று மகன்களும் போருக்குப் போய்விட்டார்கள். தோட்டங்காட்டில் வேலை நிற்கக் கூடாது. அறுப்பு நடக்க வேண்டும், களத்துமேட்டில் தானியம் சேர வேண்டும், அதில் பெரும்பங்கு படைக்குப் போக வேண்டும். ஆண் இல்லாத ஊரில் கலப்பை பிடிக்கிறவர்கள் கிழவர்களும் பிள்ளைகளும் பெண்களும்தான்.

வெள்ளாமை செய்கிறவர்கள் இதில் ஓரிடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார்கள். தொல்கனாய் கூடுதலாகக் கொஞ்சம் நிலத்தை உழுது விதைக்க ஏற்பாடு செய்கிறாள். அதற்கு வீடு வீடாகப் போய், பசியோடிருக்கும் குடும்பங்களிடம் கை ஏந்தி விதைத் தானியம் சேர்க்கிறாள். படையிலிருந்து ஓடி வந்து காட்டில் ஒளிந்திருக்கிற ஊர்க்காரனும் கூட்டாளிகளும் அந்த மூட்டைகளைத் திருடிப் போகிறார்கள். போன சேரு தானியம் எத்தனை, அதனால் எத்தனை வயிறு காயும் என்று ஊருக்கே தெரியும். போரின் விலையைப் பிணக்கணக்கில் சொல்வது எளிது. விதைக் கணக்கில் சொல்ல விவசாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எழவு வீடும் இதில் முழுசாக இருக்கிறது. சாவுச் சேதி வரும்போது ஊர் நடந்துகொள்ளும் விதம், முதலில் தெரிந்தவர்கள் தெரியாதது போல நிற்பது, வயலில் வேலை செய்கிறவளை வீட்டுக்கு அழைத்து வரும் விதம், எல்லாம் பார்த்த கை எழுதியது. ஐத்மாத்தவ் 1928-இல் பிறந்தவர். பதினாலு வயசில் கிராம சோவியத்தின் செயலாளராக வைக்கப்பட்டு, வீடு வீடாகச் சாவுச் சேதித் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் செய்தவர். கடைசி மகன் செத்தான் என்றும் தாள் வருவதில்லை, இருக்கிறான் என்றும் வருவதில்லை. காணாமல் போனவன். சடங்கு செய்தால் அவன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொண்டதாகும். செய்யாவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மருமகள் அலிமான் விதவையாகி மாமியாரோடு ஒரே வீட்டில் கழிக்கும் வருஷங்களும், அவளுக்கு இன்னொரு வாழ்க்கை அமையட்டும் என்று மாமியார் மனசுக்குள் படும் பாடும் புத்தகத்தின் பின்பாதி. நம் வீடுகளில் இன்னும் பேசித் தீராத விஷயம் அது.

இந்தச் சோவியத் மொழிபெயர்ப்புகளைப் பழைய பதிப்பாக வாங்குகிறவர்களுக்கு: கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா வெளியீடுகள் அவ்வப்போது தட்டுப்படும். தாளும் கட்டும் நன்றாக இருக்கும். முந்தைய பதிப்பாக இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்துகள் இருக்கும். ணை, லை, னை கொம்பு போட்டு வரும். பெரியவர்களுக்குச் சிரமமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் இருபது பக்கம் தடுக்கும், பிறகு பழகிவிடும். நடுவில் ஒரு படிவம், அதாவது சேர்த்துத் தைத்த பக்கக் கட்டு, கழன்று போயிருப்பது சகஜம். அதனால் பக்க எண்களை நடு நடுவே சரிபார்த்துவிட்டுக் காசு கொடுங்க. மறுபதிப்பு வேண்டுமென்றால் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அரங்கில் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.

இதே வரிசையில் பெரிதும் விற்கிற போரிஸ் பொலெவோயின் ‘உண்மை மனிதனின் கதை’யில் எங்களுக்குக் குறை உண்டு. 1942-இல் விமானம் விழுந்து, 18 நாள் பனிக்காட்டில் ஊர்ந்து வந்து, இரண்டு காலும் வெட்டப்பட்டு, மறுபடி போர் விமானம் ஓட்டிய அலெக்சேய் மரேசியெவின் உண்மை வாழ்க்கையை வைத்து எழுதியது. மருத்துவமனைப் பகுதிகள் அருமை. பொய்க்கால் பழகும்போது குறைக்காலில் புண் ஆவது, மருத்துவக் குழுவை நம்பவைக்க நடனம் கற்பது எல்லாம் துல்லியமாக வந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வலியும் அடுத்த வெற்றிக்குப் படியாகவே வருகிறது. மீண்டு வர முடியாத பக்கத்துக் கட்டில்காரருக்கு இந்த நாவலில் இடம் குறைவு. கால் போன எல்லோராலும் விமானம் ஓட்ட முடியாது. விபத்திலோ சர்க்கரை நோயிலோ கால் இழந்தவருக்குத் தைரியம் தர இதை வாங்கிக் கொடுக்கிறவர்கள் அதையும் யோசிச்சுக் கொடுங்க. சோவியத் காலத்து நாவல்கள் பெரும்பாலும் பேசாத பக்கமும் ஒன்று உண்டு. ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பிய தன் சொந்த வீரர்களையே அந்த அரசு சந்தேகித்தது, பலரை முகாம்களுக்கு அனுப்பியது.

தல்ஸ்தோயின் ‘போரும் அமைதியும்’, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு, ஒரு வருஷத் திட்டம் போட்டுப் படிக்க வேண்டியது. கதை 1805 ஜூலையில் தொடங்குகிறது. சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டதும் அதே 1805 ஜூலையில்தான். ஐரோப்பாவும் கொங்கும் ஒரே மாதத்தில் என்ன நிலையில் இருந்தன என்று யோசிக்க வைக்கும் பொருத்தம் இது. நம் பக்கத்துப் போரின் எழவு வீட்டை விரித்து எழுத இன்னும் இடம் நிறைய இருக்கிறது. முழுசும் படிக்க முடியாதவர்கள் 1812 போரதினோ பகுதியை மட்டுமாவது எடுங்க. இளவரசர் அந்திரேய் சுழலும் பீரங்கிக் குண்டைப் பார்த்தபடி நிற்பது, மருத்துவக் கூடாரத்தில் தான் வெறுத்த மனிதனின் காலை வெட்டுவதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்ப்பது. அதோடு பேத்யா என்கிற பையன் சாகும் இடமும், அந்தச் சேதிக்குப் பிறகு அவன் தாய் இருக்கும் அறையும். போர்க்களத்துக்குக் கொடுத்த அதே கவனத்தை அந்த அறைக்கும் கொடுத்திருக்கிறார் தல்ஸ்தோய்.

தமிழிலேயே எழுதப்பட்டதில் ப. சிங்காரம் முதலில். 1938-இல் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய்ப் போர்க்காலம் முழுக்க அந்தப் பக்கம் இருந்தவர். ‘புயலிலே ஒரு தோணி’ (1972) தொடக்கத்திலேயே ஜப்பானியப் படை மெடானுக்குள் வந்து, வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைக்கிறது. கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. கோரத்தைவிட அந்தக் கூட்டத்தின் பேச்சுதான் படிக்கிறவரை உலுக்கும். மலாய்ச் சொல்லும் செட்டியார் கடைப் பேச்சும் கலந்து வருவதால் முதல் ஐம்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். ஆனால் இழப்பைப் பற்றி என்று பார்த்தால், முந்திய சின்ன நாவல் ‘கடலுக்கு அப்பால்’ (1959) நெருக்கமாக வருகிறது. இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பிய செல்லையாவுக்கு வட்டிக்கடையில் பழைய இடம் இல்லை. துப்பாக்கி தொட்டவனுக்குப் பெண் கொடுக்க முதலாளிக்கு மனசில்லை. உடம்பில் காயமில்லாமல் வந்தவன் இழப்பது என்ன என்பதை ஒரு கல்யாணப் பேச்சுக்குள் வைத்துவிட்டார்.

ஈழத்து நாவல்களுக்கு வந்தால், தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ (2016) கொங்குக்காரர்களுக்குத் தலைப்பிலேயே பிடிபடும். காட்டில் களை பிடுங்கிக் கை அரித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்திய அமைதிப்படை உணவுக்குக் கொண்டு வந்த ஆடுகளோடு அந்த விதை வந்தது என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். 1987 முதல் 1990 வரை அந்தப் படை இருந்த காலத்தை அங்கிருந்த பெண்களின் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் நாவல். அந்தப் படையில் நம் தரப்பிலும் ஏறத்தாழ 1,200 வீரர்கள் செத்தார்கள். படைத்தளங்கள் உள்ள சூலூரும் மதுக்கரையும் நம் கோவை மாவட்டத்தில் இருக்க, அந்த வீடுகளைப் பற்றித் தமிழில் இதே ஆழத்தில் ஒரு நாவல் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்சில் அகதி கேட்டு எழுதும் விண்ணப்பக் கடிதமாகத் தொடங்குகிறது. தன் வதையைத் தேதி வாரியாக எழுதி அதிகாரியை நம்பவைக்க வேண்டிய நிலையையும் போரின் செலவில் சேர்த்த புத்தகம். அடிக்குறிப்புகளைத் தாண்டாதீங்க, பாதிக் கதை அங்கேதான். சயந்தனின் ‘ஆறாவடு’ (2012) இத்தாலிக்குப் படகேறியவர்களின் கதை. அதில் வரும் ஒரு பொய்க்காலின் பயணத்தை மேலே சொன்ன பொலெவோயின் பொய்க்காலோடு சேர்த்துப் படிச்சுப் பாருங்க, வித்தியாசம் தானாகப் புரியும். அவருடைய ‘ஆதிரை’ (2015) பெரிய நாவல். இலங்கையின் தேயிலை மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக் காட்டில் குடியேறிய குடும்பங்கள், போர் முடிந்த 2009 வரை படும் பாடு. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் உறவுகள்தான் அவர்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஒறம்பரை உள்ளவர்கள் இதை வேற்றூர்க் கதையாகப் படிக்க முடியாது.

இந்த நாவல்களில் சொற்பட்டியல் பெரும்பாலும் இருக்காது. இயக்கம் என்றால் போராளி அமைப்பு. பங்கர் பதுங்குகுழி, ஆமி ராணுவம், சென்றி காவல் நிலை, கிபிர் குண்டு போடும் விமானம், வித்துடல் இறந்த போராளியின் உடல். இந்த ஆறும் தெரிந்தால் மற்றது வாசிப்பிலேயே விளங்கிவிடும்.

வாசகர் வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். பவானிசாகர், பூலுவபட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து ஆட்களை அழைத்து வந்து, நாவலில் இருப்பது நிஜமா என்று மேடையில் கேட்காதீங்க. அவர்களாக வந்து பேசினால் நேரம் வைக்காமல் கேளுங்க. அவர்களுக்கு இந்த நாவல்களைக் கொடுப்பதென்றால் முன்கூட்டியே கதை இன்னது என்று சொல்லிவிட்டுக் கொடுங்க. 2009 பகுதிகள் வரும் அத்தியாயங்களையும் குறித்துச் சொல்லிவிடுங்க.

பள்ளி நூலகத்துக்கு வாங்குகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் ‘அன்னை வயல்’, பதினொன்றாம் வகுப்புக்கு ‘அதிகாலையின் அமைதியில்’ என்று வைக்கலாம். ‘கொரில்லா’வும் ‘பார்த்தீனிய’மும் கல்லூரிக்கு. திருவிழாவைத் தவறவிட்டவர்கள் கோவை ராஜ வீதி விஜயா பதிப்பகத்தில் கேளுங்க. வாங்காமல் படிக்க கவுலி பிரவுன் சாலை மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே ருஷ்ய மொழிபெயர்ப்புகளை ஆசிரியர் பெயரைவிட மொழிபெயர்ப்பாளர் பெயரை வைத்துத் தேடினால் சீக்கிரம் கைக்கு வரும். ஐத்மாத்தவ், ஐத்மாதவ், அய்த்மாத்தவ் என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்து முறை பதிவாகியிருக்கலாம், பூ. சோமசுந்தரத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை.